விழுப்புரத்திலிருந்து மக்கா எவ்வளவு தூரம்?

ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவரை வழியனுப்ப வீட்டார் கூடியிருக்கும் வேளையில், “மக்கா எவ்வளவு தூரம்?” என்று ஒரு சிறுவன் கேட்பது இயல்பு. “ஆறு மணி நேரம்” என்று ஒருவர் சொல்வார். “நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்” என்பார் மற்றொருவர். மூலையில் தஸ்பீஹுடன் அமர்ந்திருக்கும் முதியவரோ, “எங்கள் பாட்டனார் போய்வர ஐந்தாறு மாதம் ஆயிற்று” என்பார். மூவர் சொன்னதும் உண்மையே. ஆயினும் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் எவ்வாறு பொருந்தும்? தூரம் என்பது நிலத்தின் அளவா, காலத்தின் அளவா, அன்றி மனிதன் படும் பாட்டின் அளவா? இவ்வினாவிற்குப் பின்னே ஆயிரம் ஆண்டு வரலாறு ஒன்று மறைந்து நிற்கிறது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

கைக்கெட்டும் அளவுகோல்

நெடுந்தூரத்தை அளக்குமுன் சிறு தூரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வது நலம். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 38 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் சென்ற நாளில் இது ஒரு முழுப் பகலின் பயணம். விடியுமுன் வண்டி பூட்டினால் அந்திக்குள் போய்ச் சேரலாம். சென்னைக்கும் தென்பாண்டி நாட்டிற்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர் அந்த ஒரு பகல் ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை பிரிந்தது. பின்னர் காட்பாடிப் பாதையும், 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதையும் அமைந்தன. அவ்வாறு விழுப்புரம் தென்னகத்தின் பெரும் சந்திப்பு நிலையமாயிற்று. இன்றோ நெடுஞ்சாலையில் காரில் செல்வோர் முக்கால் மணி நேரத்தில் இவ்வூரிலிருந்து அவ்வூரை எட்டிவிடுகின்றனர்.

ஒரு பகல், ஒரு மணி, முக்கால் மணி! இடைவெளி மாறவில்லை, காலமே மாறிற்று. இதனை நன்குணர்ந்தவர்கள் பண்டைய அரபு நிலநூலார். அவர்கள் வழித் தொலைவை ‘ஃபர்ஸக்’ என்னும் அளவால் குறித்ததோடு, ‘மர்ஹலா’ என்றும் குறித்தனர். சுமையேற்றிய வணிகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் வழியே ஒரு மர்ஹலா. கடலோடிகளும் அவ்வாறே செய்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலுமி மேதை இப்னு மாஜித் கையாண்ட ‘ஸாம்’ என்னும் அளவு, பாய்மரக் கப்பல் மூன்று மணி நேரத்தில் ஓடும் தொலைவாகும். நம் தமிழ் முன்னோரும் ‘அரை நாள் வழி’, ‘கூப்பிடு தூரம்’ என்றெல்லாம் தொலைவைக் காலத்தாலும் குரலாலும் அளந்தவர்களே.

மார்க்கச் சட்டமும் இவ்வளவையே ஏற்றது. பயணி தொழுகையைச் சுருக்கித் தொழ எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்னும் வினாவிற்கு ஹனபி மத்ஹபினர் மூன்று நாள் பயணம் என்றனர். ஷாபிஈ மத்ஹபினர் இரண்டு மர்ஹலா என்றனர். பிற்கால அறிஞர்கள் இவற்றை மைலாகவும் கிலோமீட்டராகவும் பெயர்த்தபோது இரண்டுமே எண்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக வந்து நின்றன. ஆகவே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்பவர் பயணி ஆகார். சென்னை செல்பவர், 160 கிலோமீட்டர் கடப்பதால், பயணியாவார். அவர் இரண்டரை மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடுகிறாரே என்றால், தொலைவுதான் கணக்கு, வேகம் அன்று என்பதே அறிஞர் பெரும்பாலோரின் விடை. காலத்தால் பிறந்த அளவு, காலம் சுருங்கிய பின்னும் நிலத்தில் நிலைத்துவிட்டது!

பூமியை அளந்தவர்கள்

இனி நெடுந்தூரத்திற்கு வருவோம். இரு ஊர்களுக்கு இடையே மலையும் கடலும் பாலையும் கிடக்க, கயிறு பிடித்து அளக்க இயலாத இடைவெளியை எவ்வாறு அறிவது? வானூர்தி நிறுவனங்கள் இன்று போடும் கணக்கு இதுவே. ஆனால், வானூர்தி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இக்கணக்கை முஸ்லிம் அறிஞர்கள் போட்டுவிட்டனர். அவர்களைத் தூண்டியது பறக்கும் ஆசை அன்று. தாம் நிற்கும் ஊரிலிருந்து கிப்லா எத்திசையில் உள்ளது என அறியும் கடமையே அவர்களைத் தூண்டிற்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா மஃமூன் தம் அவைக்களத்து வானூலாரைச் சிஞ்சார் சமவெளிக்கு அனுப்பினார். வடக்கு நோக்கி நேராக நடந்து, வானில் துருவத்தின் உயரம் ஒரு பாகை கூடும்வரை தரையை அளப்பதே அவர்கள் பணி. ஒரு பாகைக்கு ஐம்பத்தாறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஐம்பத்தாறும் மூன்றில் இரண்டு பங்கும் கொண்ட அரபு மைல் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதனை 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடுகிறது.

இவர்களுக்குப் பின் வந்தவர் அறிவுலகின் பேரொளியான அல்பீரூனி (973–1048). நந்தனா என்னும் மலைக்கோட்டையில் அவர் நின்றார். அது இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ளது. மலையின் உயரத்தையும், உச்சியிலிருந்து பார்க்கும்போது தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்பதையும் அவர் அளந்தார். பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடக்காமலே, அவ்விரண்டு அளவுகளைக் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்துவிட்டார். இன்றைய அளவுக்கு மிக நெருங்கிய விடை அது.

வடக்கு தெற்கு நிலையை விண்மீன்கள் காட்டிவிடும். கிழக்கு மேற்கு இடைவெளியை அறிவது அரிது. அதற்கும் வழி கண்டனர். 997ஆம் ஆண்டு சந்திர கிரகணம் ஒன்றைக் காத் நகரிலிருந்து இளைஞர் அல்பீரூனியும், பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு நோக்கினர். கிரகணம் உலகெங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. அவ்வேளையில் காத்தில் மணி என்ன, பக்தாதில் மணி என்ன என ஒப்பிட்டால் இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள நெட்டாங்கு வேறுபாடு கிடைத்துவிடும். பின்னர்க் கஜ்னி நகரின் இருப்பிடத்தைக் கணித்து அங்கிருந்து கிப்லாவை நிறுவுவதற்கென்றே அவர் தனி நூல் ஒன்றை எழுதினார். நகரங்களுக்கு இடையேயான தூரக் கணிதத்தில் அது ஒரு மைல்கல்.

நூலை இழுத்துப் பாருங்கள்

அவர்கள் வழியிலேயே நம் ஊருக்கும் கணக்குப் போடுவோம். விழுப்புரம் வட அகலாங்கு 11.94 பாகையிலும், கிழக்கு நெட்டாங்கு 79.5 பாகையிலும் உள்ளது. மக்கா 21.42 பாகை வடக்கிலும், 39.83 பாகை கிழக்கிலும் உள்ளது. கோளக் கணிதத்தில் இவற்றை இட்டால் இரு நகரங்களுக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 39 பாகை வில் என்று விடை வருகிறது. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். ஆகவே வான்வழித் தூரம் சற்றேறக்குறைய 4,340 கிலோமீட்டர்.

கணிதம் வேண்டாதவர்கள் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, இரு ஊர்களையும் நூலால் இணைத்து இறுக இழுத்துப் பார்க்கலாம். அந்த நூல் கிடக்கும் கோடே மிகக் குறுகிய வழி. வானூர்திகள் காற்றும் நாட்டெல்லையும் இடம் தரும் அளவிற்கு அக்கோட்டை ஒட்டியே பறக்கின்றன. அந்தக் கோட்டைத் தட்டையான சுவர்ப்படத்தில் வரைந்தால் வடக்கே வளைந்து தோன்றும். வளைவு வழியில் இல்லை. உருண்டையைத் தட்டையாக்கிய படத்தில்தான் உள்ளது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சுவர்ப்படத்தில் விழுப்புரத்தையும் மக்காவையும் அளவுகோல் வைத்து இணைத்தால், நேர் மேற்கிலிருந்து வடக்கே 14 பாகை அளவில் கிப்லா அமைவதாகத் தோன்றும். பூமி உருண்டையின் மீது கணித்தாலோ 19 பாகைக்குச் சற்று மேல். ஐந்து பாகை வேறுபாடு! பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டும்போது சில மஹல்லாக்களில் எழும் கருத்து வேறுபாட்டிற்கு இத்தகைய கணக்கு மாற்றமும் ஒரு காரணம் ஆகலாம். சச்சரவின்றித் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே 27, 28 நாட்களில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 நாட்களில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் மக்காவின் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அவ்வேளையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கினால், பார்வை செல்லும் திசையே கிப்லா. வானமே தீர்ப்பு வழங்கும்போது வழக்கிற்கு இடமேது?

இக்கணக்கில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. 38 கிலோமீட்டர் வடக்கே தள்ளியிருக்கும் திண்டிவனம், மக்காவிலிருந்து விழுப்புரத்தைக் காட்டிலும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் கூடுதல் தொலைவில் உள்ளது. சென்னை இன்னும் விலகி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலான தொலைவில் நிற்கிறது. ஆக, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுத் திண்டிவனம் கடந்து சென்னை செல்லும் ஹாஜி, முதல் சில மணி நேரம் மக்காவை விட்டு விலகியே செல்கிறார்! வழித்தூரம் வேறு, வான்தூரம் வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மாதங்கள் நாட்களான கதை

பாய்மரக் கப்பல் நாளில் தூரத்தைத் தீர்மானித்தது காற்று. பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருத்தலும் பயணத்தின் ஒரு பகுதியே. கருநாடக நவாப் முகம்மது அலி வாலாஜா ஹாஜிகளை ஏற்றிச் செல்வதற்கெனக் கப்பல் விட்ட செய்தி வரலாற்றில் உண்டு. அக்கப்பலில் இடம் பெற்றவரும் காற்றின் கட்டளைக்குக் காத்திருந்தே ஆகவேண்டும்.

அக்காலத்து நிலப் பயணம் எத்தகையது என்பதற்கு அவ்வழிவந்த நவாப் ஆஸம் ஜா 1823இல் சென்னையிலிருந்து நாகூர் சென்ற பயணம் சான்றாகும். உடன் சென்ற குலாம் அப்துல் காதிர் நாஸிர் அதனைப் பாரசீகத்தில் ‘பஹாரே ஆஸம் ஜாஹி’ என நூலாக்கினார். பேரறிஞர் முகம்மது ஹுசைன் நயினார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். வழியில் தங்கிய ஊர்களையெல்லாம் அந்நூல் வரிசையாகப் பேசுகிறது. இன்று ஒரு பகலுக்குள் கடக்கும் அவ்வழி, அன்று ஒரு நூல் எழுதும் அளவிற்கு நீண்டது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பல் பெருகியதும் நிலையை மாற்றின. காற்றுக்குக் காத்திருத்தல் ஒழிந்தது. ஆனால் வேறு காத்திருத்தல்கள் வந்தன. தொற்றுநோய் அச்சத்தால் செங்கடலில் உள்ள கமரான் தீவில் 1882இல் தடுப்பு முகாம் அமைக்கப்பட்டது. இந்திய ஹாஜிகள் அங்கே இறங்கி, நாட்கள் பலவற்றைக் கழித்த பின்னரே ஜித்தா செல்ல முடிந்தது. அவர்கள் பட்ட பாட்டைக் கப்பலின் வேகக் கணக்கில் காண முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் நம் வட்டாரத்து ஹாஜியின் வழியை எண்ணிப் பார்ப்போம். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மீட்டர் கேஜ் வண்டி ஏறி எழும்பூர். அங்கிருந்து மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையம். பின்னர் ஓர் இரவும் ஒரு பகலும் கடந்து பம்பாய். அங்கே சாபு சித்தீக் முசாபர்கானா போன்ற விடுதிகளில் கப்பல் நாளை எதிர்நோக்கி இருத்தல். பிறகு அரபிக் கடலில் ஒரு வாரத்திற்கும் மேலான பயணம். முகல் லைன் கப்பல்களின் பெயர்கள் நம் இல்லங்களில் உறவினர் பெயர்போல் வழங்கிய காலம் அது. போகவும் வரவும் இருக்கவும் சேர்த்து மாதங்கள் ஓடிவிடும். அதனாலன்றோ புறப்படுமுன் கடன்களைத் தீர்த்து, மரண சாசனம் எழுதி, தெருத் தெருவாகச் சென்று மன்னிப்புக் கேட்டு விடைபெற்றனர்! ஊரே நிலையத்திற்குத் திரண்டு வந்தது. கப்பல் ஹஜ் 1995ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

நாட்கள் மணிகளான கதை

1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் வானூர்தி ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டினார். 1948 ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனல், பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குச் சேவை தொடங்கிற்று. பின்னர் ஜெட் வானூர்தி வந்தது. வேகம் மணிக்கு 850 கிலோமீட்டரைத் தாண்டியது.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்தூரம் ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர். நேர் சேவையில் செல்வதற்கு ஆறு மணி நேரம் ஆகிறது. திரும்புவதற்கு ஐந்தரை மணி நேரம் போதும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. பாய்மரம் போயிற்று, ஆயினும் காற்றின் ஆட்சி முற்றும் போகவில்லை!

கடிகாரக் கணக்கும் சுவையானது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் விழுப்புரத்துச் சூரியனுக்கும் மக்காச் சூரியனுக்கும் ஏறத்தாழ 2 மணி 39 நிமிட வேறுபாடு உண்டு. அரசுகள் வகுத்த நேரப்படி வேறுபாடு 2½ மணி. ஆகவே சென்னையில் காலை 10 மணிக்கு ஏறியவர், ஆறு மணி நேரம் பறந்தும் ஜித்தாவில் பிற்பகல் 1.30 மணிக்கே இறங்குவார். அல்பீரூனி கிரகணத்தைக் கொண்டு அளந்த அதே வேறுபாட்டை இன்றைய ஹாஜி தம் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொள்கிறார்.

குறைந்த தூரம், கூடிய பாடு

இத்தனைக்கும் பிறகு, வான்தூரமும் பறக்கும் நேரமுமே பயணம் என்று எண்ணிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு நல்ல பாடம். பெருந்தொற்றுக் காலத்தில் ஹஜ் புறப்பாட்டு நிலையங்கள் குறைக்கப்பட்டபோது சென்னை விடப்பட்டது. தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து புறப்பட நேர்ந்தது. வானக் கணக்கில் பார்த்தால் கொச்சியே ஜித்தாவுக்கு அண்மை. ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர், அதாவது சென்னையினும் 270 கிலோமீட்டர் குறைவு. ஆனால் விழுப்புரத்து முதியவர் சென்னை விமான நிலையத்திற்கு 150 கிலோமீட்டர் செல்வதற்கு மாறாக, மலை கடந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியதாயிற்று. வழியனுப்ப விழைந்த மக்களும் பேரர்களும் ஊரிலேயே விடைபெற்றனர். வானில் அரை மணிக்கும் குறைவான ஆதாயம். தரையில் ஓர் இரவின் இழப்பு! 2023இல் சென்னைக்கு மீண்டும் இடம் கிடைத்தபோது ஜமாஅத்துகள் மகிழ்ந்ததன் காரணம் இதுவே. தூரத்தை வரைபடத்தில் மட்டும் அளப்போர், மூட்டை சுமக்கும் முதியவரின் முழங்காலை மறந்துவிடுகின்றனர்.

நம் குடும்பங்கள் அறிய வேண்டிய மற்றோர் உண்மையும் உண்டு. சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். மேற்கே துபாய் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். இரு புறமும் நான்கு மணி நேரப் பறப்பு. தராசின் நடுமுள்போல் நிற்கிறது நம் நாடு! பாட்டனார் 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பலில் ஒரு வாரம் கடலில் கழித்துப் பினாங்கும் சிங்கப்பூரும் சென்றார். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தபின் ஓய்ந்தது. பேரனோ வளைகுடாவிற்கு நான்கு மணி நேரத்தில் சென்றுவிடுகிறான். ஆயினும் தந்தை மறைந்த செய்தி கேட்டு அவன் புறப்படும்போது, விடுப்பு, பயணச்சீட்டு, விமான நிலையக் காத்திருப்பு, சென்னையிலிருந்து விழுப்புரம்வரை சாலை என அந்த நான்கு மணி ஒரு நாளாகிவிடுகிறது. மய்யித்தை விரைந்து அடக்குவது நம் மரபு. ஒரு கைப்பிடி மண் தள்ளும் பேறு கிட்டாமல், கபுரருகே வந்து நிற்கும் மகன்கள் எத்தனை பேர்! அவர்களிடம் “துபாய் நான்கு மணி நேரம்தானே” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

எனவே சிறுவனின் கேள்விக்கு மூன்று விடைகளையும் சேர்த்தே சொல்வது முறை. நிலத்தால் 4,340 கிலோமீட்டர். வானூர்தியால் ஆறு மணி நேரம். வாசலிலிருந்து வாசலுக்கு என்றால், புறப்படுபவரின் வயதும் வசதியும் வழியும் சொல்லும் அளவு. முதல் விடையை அல்பீரூனியின் கணிதம் தந்தது. இரண்டாம் விடையை இயந்திரம் தந்தது. மூன்றாவது விடையைக் குறைப்பது ஆட்சியாளர்க்கும் ஜமாஅத்திற்கும் உற்றார்க்கும் உரிய கடமை. ஹாஜியின் பெட்டியைத் திண்டிவனம்வரை சுமந்து செல்லும் இளைஞன் ஒருவன், அந்த நெடுந்தூரத்தில் 38 கிலோமீட்டரைக் குறைத்துவிடுகிறான் அல்லவா?